காட்டைப் படம்பிடித்துப் பிழைக்க மூன்று வழிகள்

காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகப் படமெடுத்தே வாழ்க்கையை நடத்த விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். படத்தை யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். நிழற்படம், ஆவணப்படம், ஆய்வு அமைப்பில் சம்பள வேலை என்ற மூன்று வழிகளும் பிரிவது அந்தக் கேள்வியில்தான்.

நிழற்படத்துக்குத் தனி ஆள் போதும். அது பெரிய வசதி. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கருவியால் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை நாளேட்டில் காட்டுயிர்ப் பத்தியும் எழுதினார். அவரிடம் படமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கின. இன்று நீண்ட லென்ஸ் பலரிடம் இருக்கிறது, எழுதத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பத்திரிகைப் பணத்தில் குடும்பம் ஓடாது. ஆகவே பலரும் சுற்றுலாக் குழுக்களைக் காட்டுக்கு அழைத்துப்போய்ச் சம்பாதிக்கிறார்கள். வருகிறவருக்குப் புலியின் முகம் வேண்டும், தேரையைக் காட்டினால் முகம் சுளிப்பார். அதைவிடக் கொடுமை, கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் படமெடுப்பது. படம் தெளிவாக வரும். காக்கைக்கும் கூடு தெளிவாகத் தெரியும்.

ஆவணப்படம் என்றதும் எல்லோரும் 2023-இல் ஆஸ்கர் வாங்கிய முதுமலை யானைக் குட்டியின் படத்தைச் சொல்கிறார்கள். அந்த நாற்பது நிமிடங்களுக்குப் பின்னால் ஐந்தாண்டு உழைப்பு இருக்கிறது. ஐந்தாண்டுக்குச் சோறு போடுவது யார் என்ற கணக்கைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது.

எனக்கு முன்மாதிரி வேறு. சென்னைக்காரரான சேகர் தத்தாத்ரி, வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்குப் படமெடுத்துப் பெயர் வாங்கியபின், பாதுகாப்புக்காகவே எடுக்கும் குறும்படங்களின் பக்கம் திரும்பினார். கர்நாடகத்தின் குதிரைமுக் இரும்புத்தாதுச் சுரங்கத்தைப் பற்றி 2001-இல் எடுத்தது சில நிமிடப் படம்தான். மழைக்காலத்தில் சுரங்க மண் கரைந்து பத்ரா ஆற்றில் இறங்குவதை, படத்தைப் பார்த்தபின் யாரும் மறுக்க முடியவில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்தை மூடக் கெடு விதித்தது. 2005 முடிவோடு சுரங்கம் நின்றது. வழக்கை நடத்தியவர்களின் உழைப்புதான் முதன்மையானது, படம் அவர்கள் கைக்குக் கிடைத்த ஆயுதம். பார்க்கவேண்டியவர்கள் சிலரே என்று தெரிந்து எடுத்ததால்தான் அது வேலை செய்தது.

சம்பள வேலையில் பகட்டு கிடையாது. ஒவ்வொரு புலியையும் அதன் வரிகளை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுவேறு என்பதால், தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டவேண்டும். பிறகு கேமராவின் நினைவக அட்டையைக் கழற்றி வந்து உட்கார்ந்தால், காற்றில் ஆடிய புல்தான் படம்படமாக வரும். 2018 புலிக் கணக்கெடுப்பில் பதிவான ஏறத்தாழ 3.48 கோடிப் படங்களில் புலி இருந்தவை 76,651. எடுத்த படத்தின் உரிமையும் பெரும்பாலும் அமைப்புக்கே போகும். ஆனால் மாதம் பிறந்தால் பணம் வரும். எந்த ஓடை எப்போது வற்றும், வேட்டைத் தடுப்புக் காவலர் எதைக் கண்டு நின்றுவிடுகிறார் என்பதெல்லாம் பழகிவிடும். சுற்றுலா ஜீப்பில் இருந்தபடி இதைக் கற்க முடியாது.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று ஆண்டுகள் சம்பளத்தில் இருந்துவிட்டு, ஒரே பிரச்சினையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடப் படம் செய்யுங்கள். நிழற்படத்தை விடவேண்டாம், சோற்றுக்கு அதை மட்டும் நம்பவும் வேண்டாம்.

முதல் திரையிடலைக் காட்டோரக் கிராமத்திலேயே வையுங்கள். சத்தியமங்கலம் பக்கம் நான் அப்படி ஒன்று வைத்தேன். யானைக்கூட்டம் ஆற்றில் நீராடும் காட்சியை எல்லோரும் ரசித்தார்கள். முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்து, இதே கூட்டம் போன மாதம் தன் வாழைத்தோட்டத்தைத் தின்றதே, அதை ஏன் காட்டவில்லை என்று கேட்டார். மறுநாள் காலை கேமராவோடு அவர் தோட்டத்துக்குப் போனேன்.