அஃபெக்ட், எஃபெக்ட்: நம் பேச்சுக்குத் தெரிந்த வேறுபாடு

"சிகரெட் பிடிச்சுப் பிடிச்சு லங்ஸ் அஃபெக்ட் ஆயிடுச்சு." "மாத்திரை போட்டு ரெண்டு நாள் ஆச்சு, ஒரு எஃபெக்டும் தெரியல."

இந்த இரண்டையும் தமிழில் பேசும்போது நாம் பெரும்பாலும் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தால்தான் முதல் எழுத்து ஏ-யா, இ-யா என்று கை நின்றுவிடுகிறது.

அஃபெக்ட்டோடு 'ஆகு', 'பண்ணு' சேர்க்கிறோம். அதை வினையாகவே நடத்துகிறோம். எஃபெக்ட்டுக்கு முன்னால் 'சைடு', 'சவுண்ட்', 'நல்ல' என்று அடைமொழி வைக்கிறோம், அது பெயர்ச்சொல். ஆங்கிலத்திலும் பெரும்பாலும் இதே கணக்குதான். மழை ஆட்டத்தை அஃபெக்ட் செய்கிறது. ஓவர்கள் குறைவது அதன் எஃபெக்ட். 1928-ல் சி.வி. ராமன் கண்டறிந்ததை ராமன் எஃபெக்ட் என்கிறார்கள், நம் பாடநூல் ராமன் விளைவு என்கிறது. மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு, அலைநீளம் மாறி வருவதுதான் அந்த விளைவு.

இரண்டும் 'செய்' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. முன்னொட்டுதான் வேறு. ஒன்றில் 'நோக்கி', மற்றதில் 'வெளியே'. ஒன்றின் மேல் போய்ப் படுவது அஃபெக்ட், செய்து முடித்து வெளிவருவது எஃபெக்ட் என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

'ஏ என்றால் வினை, இ என்றால் பெயர்' என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது. எஃபெக்ட் வினையாகவும் வரும். விளைவு, விளைவி என்று தமிழில் இருப்பதைப் போலத்தான். 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தை உண்டாக்குவது. அங்கே 'அஃபெக்ட்' போட்டால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தில் ஏதோ தாக்கம் செலுத்துவதாகிவிடும். 'மை ஹெல்த் வாஸ் எஃபெக்டட்' என்று எழுதினால் உடல்நலம் உண்டாக்கப்பட்டது என்று பொருள். சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! எழுதியவருக்கு ஆங்கிலம் வராது என்று ஒரே எழுத்தை வைத்து முடிவு கட்டுவார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

அஃபெக்ட் பெயர்ச்சொல்லாக வருவது அரிது. மனநல மருத்துவத்தில், முகத்திலும் குரலிலும் வெளிப்படும் உணர்ச்சியைக் குறிக்க, முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள்.

அகராதியைப் பார்த்து அஃபெக்ட் என்றால் 'பாதித்தல்' என்று மனப்பாடம் செய்வதிலும் ஒரு சங்கடம் உண்டு. 'என்னைப் பாதித்த கதை' என்று இலக்கியம் பேசுவோர் சொன்னாலும், அன்றாடப் பேச்சில் 'பாதிப்பு' கேடுதான். பயிர் பாதிப்பு, வெள்ளப் பாதிப்பு. ஆங்கிலச் சொல்லோ நன்மை, தீமை இரண்டுக்கும் பொது. 'ஹெர் டீச்சிங் அஃபெக்டட் மை லைஃப்' என்பதை நான் 'அவர் பாடம் நடத்திய விதத்தால் என் வாழ்க்கையே மாறியது' என்றுதான் தமிழில் எழுதுவேன்.