28 அறை மாத்திரைப் பெட்டி: வாங்கலாம், ஆனால் யார் நிரப்புவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுன் ஃபார்மசிகளில் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் வாரப் பெட்டி இது. ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை. தோட்டத்திலிருந்து வந்து அரசு சுகாதார கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் மாதா மாதம் மருந்து வாங்கும் இனிப்புநீர் (சர்க்கரை நோய்), ரத்தக் கொதிப்புக்காரர்களில் பலருக்கு ஆறேழு வகை மாத்திரை இருக்கும். அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் பெட்டி. ஓர் அறையில் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டும் சின்ன மாத்திரை மூன்றும் தாராளமாக அடங்கும். கால்சியம் மாத்திரை போன்ற பெரியது சேர்ந்தால் மூடி சரியாக அமராது. மூடி கெட்டியாக இருப்பதால் விரல் மூட்டு வலி உள்ளவர்கள் திறக்கத் திணறுவார்கள். கிழமைகள் ஆங்கில முதலெழுத்தில் இருக்கின்றன. எஸ் இரண்டு, டி இரண்டு. செவ்வாயும் வியாழனும் ஒன்றுபோலத் தெரிவது பெரிய குறை. வெள்ளை டேப் ஒட்டி ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதிவிடுங்கள்.

பெட்டி மறதியைக் குறைக்கும், தவற்றைக் குறைக்காது. ஒரு முறை தப்பாக நிரப்பினால் அந்தத் தப்பு ஏழு நாளும் வயிற்றுக்குள் போகும். பாக்கெட்டில் இருந்த பெயரும் அளவும் பெட்டிக்குள் வந்ததும் காணாமல் போய்விடுகின்றன.

உயிரையே பறிக்கக்கூடிய உதாரணம் மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் எழுதுவார்கள். மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் இரண்டுமே பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். கண் மங்கியவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மாறிப்போய் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது நின்றுபோகும். வாய்ப்புண், தொண்டை வலி, காய்ச்சல், தோலில் காரணமில்லாத ரத்தக்கட்டு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெட்டியையும் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். இந்த மாத்திரையைப் பெட்டியில் போடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தனிப் பாக்கெட்டில் கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடுத்த ஆபத்து ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது. ரத்தக் கொதிப்புக்கு அரசு கிளினிக்கில் அம்லோடிபின் என்று வாங்குவார்கள். இடையில் தலைசுற்றி தனியார் கிளினிக்குக்குப் போனால் அங்கே நோர்வாஸ்க் கிடைக்கும். இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கி, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தவறுகளைக் குறைக்கத் தொடங்கிய இயக்கத்தில், பல மருந்து ஒன்றாகச் சாப்பிடுவதையும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிகிச்சை மாறுவதையும் முக்கிய ஆபத்துகளாகக் குறிப்பிட்டது இதனால்தான். எங்கே போனாலும் எல்லாப் பாக்கெட்டையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு. பாதி நாள் மாத்திரை மறந்தவருக்கு ரத்தக் கொதிப்பு இறங்கவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். பெட்டி வந்ததும் ஒன்று விடாமல் சாப்பிட ஆரம்பித்தால் அழுத்தமும் சர்க்கரையும் சட்டென்று இறங்கிவிடும். பெட்டி தொடங்குவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வீட்டில் மீதி கிடக்கும் மாத்திரையையும் காட்டுங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் என்ற இனிப்புநீர் மாத்திரைகளை எடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால், அந்த அறையை என்ன செய்வது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு இல்லாமல் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையைக் கண்ணாடிப் புட்டியை விட்டு எடுக்காதீர்கள். வெளியே வைத்தால் வீரியம் போய்விடும். புட்டியைத் திறந்த தேதியை எழுதுங்கள், 8 வாரத்தில் மாற்றுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் டபிகட்ரான், வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்ப்ரோவேட் இரண்டும் ஈரம் தாங்காதவை, அவற்றையும் உறையோடு விடுங்கள். மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து அறையில் போடுவதும் வேண்டாம். இருட்டில் உறையோடு விழுங்கி உணவுக்குழாய் கிழிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நிரப்பும்போது கை உலர்ந்திருக்க வேண்டும், டிவி ஓடக் கூடாது. ஒரு மருந்தை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்து, அந்தப் பாக்கெட்டை ஓரமாக வைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நாள் நாளாக நிரப்பினால் கைப்பிசகு கூடும். கடைசியில் ஒவ்வோர் அறையிலும் எண்ணுங்கள். இன்னொருவர் லேபிளைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். பெட்டி காலியாகும்வரை பாக்கெட்டை வீசாதீர்கள். வார நடுவில் டாக்டர் அளவை மாற்றினால் முழுவதையும் கொட்டி மறுபடி நிரப்புங்கள்.

பேரப்பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மூடியை நம்ப வேண்டாம். மூன்று வயதுக் குழந்தையும் திறந்துவிடும், கிளிபென்கிளமைட் போன்ற இனிப்புநீர் மாத்திரை ஒன்றே குழந்தையை மயக்கத்தில் தள்ளப் போதும். பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள். அடுப்படி ஈரம் ஆகாது. மூடி தளர்ந்த பெட்டியை ரப்பர் போட்டுக் கட்டி ஓட்டாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.