ஒரே நாள்: சிதம்பரமா, பாண்டியா?

கோவையிலிருந்து சொந்தக்காரர்கள் கடலூர் வந்தால், இரண்டாம் நாள் காலைக் காபியோடு இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "ஒரு நாள்தான் இருக்கு, சிதம்பரம் போலாமா, பாண்டி போலாமா?" தெற்கே சுமார் 45 கிலோமீட்டர், வடக்கே 22தான். தூரக் கணக்கில் பாண்டி ஜெயிக்கும். மாமாக்களும் பாண்டிக்குத்தான் கை தூக்குவார்கள். அவர்கள் காரணம் வேறு. திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் தெரியும்.

நான் சிதம்பரம் கட்சி. ஆனால் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பவேண்டும். போன கோடையில் ஒன்பதரைக்குக் கிளம்பி, வழியில் டிபன், அப்புறம் பூ, அப்புறம் டீ என்று நின்று நின்று போனோம். கீழ வீதியில் இறங்கும்போது நடை சாத்தியாகிவிட்டது. இனி மாலை ஐந்து மணிவாக்கில்தான். அத்தை கோபுர நிழலில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சீக்கிரம் போனால் கதையே வேறு. ஓரிடத்தில் நின்றால் எதிரே நடராஜர், இடப்பக்கம் திரும்பினால் பள்ளிகொண்ட கோவிந்தராஜர். சைவக் குடும்பமும் வைணவச் சம்பந்தியும் ஒன்றாக வந்தால் இதைவிடத் தோதான இடம் கிடையாது. சிதம்பர ரகசியம் பார்க்கும்போது திரை விலகும். விளக்கொளியில் தங்க வில்வ இலைகள் மட்டும் மினுங்கும். "அவ்வளவுதானா?" என்றான் அத்தை பேரன். அவ்வளவுதான். ஆகாயம்தானே அங்கே லிங்கம்.

நடை சாத்தியதும் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, வெயில் சற்றுத் தாழ்ந்ததும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போங்கள். துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு சரி. துடுப்புப் படகு வேர்களுக்கு நடுவே நுழையும், தலையைக் குனியவேண்டும். படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "கிளையை ஒடிச்சிடாதீங்க, பால் கண்ணுல பட்டா எரியும்" என்றார். தில்லை மரம்! சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் கொடுத்த மரத்தை நான் முதலில் பார்த்தது கோயிலில் அல்ல, இந்த உப்பங்கழியில்தான்.

பாண்டியில் அப்படி, கோயிலும் தில்லை மரமும்போல, ஒன்றின் கதை இன்னொன்றில் தொடரும் இடங்கள் இல்லை. மணக்குள விநாயகர் கோயில், பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமச் சமாதி, அப்புறம் ஆரோவில். 1968இல் 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் சேர்த்துத் தொடங்கிய ஊர் என்று கேட்கும்போது ஆர்வமாகத்தான் இருக்கும். ஆனால் முன்பதிவு இல்லாமல் போனால் அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரின் தங்க உருண்டையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். முட்டிவலிக்காரர்களுக்கு அந்த நடை வேறு. மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிட்ட கடற்கரைச் சாலைதான் பாண்டியில் எனக்குப் பிடித்தது. அதற்கு ஒரு நாள் எதற்கு? கடலூரிலிருந்து நாலரைக்குக் கிளம்பினால் போதும்.

இரண்டும் வேண்டாம், அமைதி போதும் என்பவர்களை வடலூருக்கு அழைத்துப்போவேன். வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையவே இல்லை. சாப்பாட்டுக் கவலையும் கிடையாது. புலை கொலை (புலால் உண்பதும் உயிர்க்கொலையும்) தவிர்த்தவர்களே சத்திய ஞான சபைக்குள் வரலாம் என்ற பலகையைப் பார்த்ததும் மாமா வெளியிலேயே நின்றுகொண்டார்.

இந்த முறை அத்தை ஐந்தரைக்கே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமாதான் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார்.