ஹைலக்ஸில் ஐந்து வருஷம்: 4ஹெச் போட்டால் ஸ்டியரிங் என்ன ஆகிறது?

வீடு பினாங்கு சுங்கை ஆராவில், மாமனாரின் டுரியான் தோட்டம் பாலிக் பூலாவ் மலையில். இரண்டுக்கும் நடுவே என் டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 ஆட்டோமேட்டிக் பிக்கப் ஐந்து வருஷமாக ஓடுகிறது. எஞ்சின், ஏர்கான் எல்லாம் ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் ஸ்டியரிங்கை மட்டும் சொல்கிறேன். (2ஹெச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், 4ஹெச் என்றால் நாலும் இழுக்கும்.)

முதல் டுரியான் சீசன். பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்கி, கடை முன்னால் பார்க்கிங் போட ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். வண்டி தத்தித் தத்தி நின்றது, யாரோ பிரேக்கை மிதிப்பது போல. ஸ்டியரிங் கையைவிட்டு நேராகத் திரும்பப் பார்த்தது. ஸ்டியரிங் பம்ப் போச்சு என்று நேராக போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், போனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "4ஹெச் விளக்கு எரியுது பாருங்கண்ணே. தார் ரோட்டுல இதோடவா வந்தீங்க?" ஒரு தே தாரிக் டீயோடு கணக்கு முடிந்தது.

விஷயம் இதுதான். 4ஹெச் போட்டால் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஆனால் வளைவில் முன் சக்கரங்களுக்குத்தான் தூரம் அதிகம். வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 3,085 மில்லிமீட்டர். முழுசாக ஒடித்தால் பின் அச்சு 10 மீட்டர் போகும்போது முன் அச்சு கிட்டத்தட்ட 12 மீட்டர் போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை, ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறுகிறது. அந்த முறுக்குதான் கைக்கு வருவது. (சூப்பர் செலக்ட் என்ற நாலு சக்கர அமைப்பு உள்ள மிட்சுபிஷி டிரைட்டன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் உண்டு. கொஞ்சம் பொறாமைதான்.)

மலையில் கதையே வேறு. மழைக்குப் பிறகு பாசி பிடித்த சிமெண்டுப் பாதையில், பின்னால் சுமை இல்லாமல் 2ஹெச்சில் ஏறினால் வால் ஆடும். 4ஹெச்சில் முன் சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் வண்டி பேசாமல் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், பள்ளத்தில் வெடுக்கென்று உதறும். கட்டைவிரலை வட்டத்துக்கு உள்ளே விடாதீர்கள். எனக்கு ஒரு முறை சுளுக்கிவிட்டது. கனத்தால் பயமில்லை. திடீரென்று லேசானால்தான் பயம்: முன் டயர் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது இன்னும் ஒடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும்.

மலையைக் கடக்கும் துன் சார்டோன் தார் ரோட்டில் மழை பெய்தாலும் நான் 4ஹெச் போடுவதில்லை. போட்டால் அந்த வளைவுகளில் வண்டியின் மூக்கு வெளியே தள்ளும். 2ஹெச்சில் மெதுவாகவே வருவேன்.

மூன்றாவது வருஷம் காசு மிச்சம் என்று முன் டயர் இரண்டை மட்டும் மாற்றினேன். அதற்குப் பிறகு 2ஹெச்சுக்கு மாற்றினாலும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. புதுசும் தேய்ந்ததும் ஒரே சுற்றளவா என்ன? நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு அணைந்துவிடும். இப்போதெல்லாம் நாலும் சேர்த்துத்தான் மாற்றுகிறேன்.

தோட்டத்து கேட்டைத் தாண்டியதும் நாப்பை 2ஹெச்சுக்குத் திருப்பி, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தார் ஏறுவேன். போன வாரம் மறந்துவிட்டேன். முதல் வளைவிலேயே கைக்குத் தெரிந்துவிட்டது.