பழைய எஸ்டீமுக்கு எந்த டர்போ: டீசலில் கழற்றியதா, மலிவான புதியதா, பெட்ரோலில் கழற்றியதா?

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டர்போ புதிய சொல் அல்ல. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளிலும் நத்தைக் கூடு போன்ற அந்த இரும்பு பழக்கமான பொருள்தான். சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். டீசல் லாரிக்கு அது உயிர். டர்போ இல்லாமல் பிறந்த இருபது வயதுப் பெட்ரோல் காருக்கு அதைப் பொருத்துவது அவ்வளவு எளிதான காரியம் இல்லை.

என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம்: 1298 சி.சி., 16 வால்வு, 85 பி.எச்.பி., எடை 900 கிலோவுக்குள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக மட்டுமே அதை வைத்திருக்கிறேன். அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியவர். சின்ன எஞ்சினிடமிருந்து பெரிய வேலை வாங்கும் ஆசை கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பழையது. அந்த ஆசையில் இரண்டு டர்போக்களை நானே பொருத்திப் பார்த்தேன். மூன்றாவதைப் பொள்ளாச்சியில் இருக்கும் என் மச்சான் தன் எஸ்டீமில் பொருத்தினான்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் அது காரணமாகும். என் கார் செட்டிபாளையத்துக்கு டிரெய்லரில்தான் போகிறது. தினமும் அவினாசி சாலையில் ஓட்டும் காருக்கு டர்போ வைக்க நினைப்பவர்களுக்கு நான் தரும் பதில் வேறு. அது கடைசியில் வருகிறது.

முதலில் டீசல் டர்போ. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினின் சிறிய டர்போ உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் சிக்கும், விலையும் குறைவு. எல்லோரும் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான், நானும் நீட்டினேன். கீழ்ச்சுற்றில் அதன் இழுவை அருமை. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தொட்டதுமே கார் முன்னே பாயும். ஆனால் 4500ஐத் தாண்டியதும் கழுத்தை நெரித்தது போல் ஆகிவிடும். நிமிடத்துக்கு 4000 சுற்றை ஒட்டி வேலை முடித்துவிடும் டீசலுக்காகச் செய்த சிறிய டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) அது. 6000 சுற்று ஓடும் பெட்ரோல் எஞ்சினின் புகை முழுவதையும் அதன் வழியே தள்ள முடியாது.

சூடு அடுத்த சிக்கல். டீசல் புகை பெரும்பாலும் 800 டிகிரிக்குள் நிற்கும். முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் புகை 950 டிகிரியைத் தொடும். அந்த வேறுபாட்டைத் தாங்கும் உலோகம் டீசல் டர்போவில் இருக்கும் என்ற உறுதி இல்லை. 90 குதிரைத் திறன் டீசலில் வரும், உள்ளே அசையும் தகடுகள் கொண்ட வகையை இதற்குத் தொடவே கூடாது. அந்தத் தகடுகள் சூட்டில் இறுகிக்கொள்ளும். இன்னொன்றையும் கவனியுங்கள். டீசல் டர்போவில் அழுத்தம் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவின் ஸ்பிரிங், 1 பாருக்கு (ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) மேல் அழுத்தம் ஏறிய பிறகே திறக்கும்படி அமைந்தது. எனக்கு வேண்டியது 0.4 பார். ஸ்பிரிங்கை மாற்றிய பிறகும், வேஸ்ட்கேட் துளை சிறியதாக இருந்ததால் மேல்சுற்றில் அழுத்தம் தானாக 0.6 வரை ஏறியது. அன்று நாக்கிங் (எஞ்சினுக்குள் கலவை தானாக வெடிப்பது) சத்தம் காதில் விழுந்ததும் காலை எடுத்துவிட்டேன். பிஸ்டன் தப்பியது.

மச்சான் வாங்கியது இணையத்தில் கிடைக்கும் புத்தம் புதிய டர்போ, பெயர் பெற்ற ஒரு வகையின் நகல். பெட்டியைப் பிரித்தபோது பளபளவென்று இருந்தது. அளவு பெரியது, 2 லிட்டர் எஞ்சினுக்கு ஏற்றது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் எஞ்சின் பெரும்பாலும் 2500 முதல் 3500 சுற்றுக்குள்தான் இருக்கும். அந்த டர்போ விழிப்பதே 3800க்கு மேல். வளைவிலிருந்து வெளியே வரும்போது பழைய எஸ்டீமை விட மந்தமாக இருந்தது. கொஞ்ச நாளில் சைலன்சரில் நீலப் புகை வந்தது. கழற்றிப் பார்த்தபோது தண்டு விரலுக்கே ஆடியது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருளில் பேலன்ஸ் சரியில்லாவிட்டால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. புதியது என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்காதீர்கள் என்று யாரிடமும் கெஞ்சிச் சொல்வேன்.

மூன்றாவது, 1 முதல் 1.2 லிட்டர் வரையிலான இன்றைய பெட்ரோல் டர்போ கார்களில் கழற்றியது. நெக்ஸான் போன்ற கார் ஒன்று விபத்தில் நொறுங்கினால் இது சந்தைக்கு வரும். டீசல் டர்போவை விட இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். ஆனால் அந்த எஞ்சின்கள் தருவது 110 குதிரைத் திறன் அளவு. என் எஸ்டீமிடமிருந்து நான் எதிர்பார்ப்பதும் அதுவே. பெட்ரோல் சூட்டுக்கென்றே செய்த டர்பைன். பேரிங் கூட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடவும் வழி உண்டு. 2400 சுற்றில் விழித்து 6000 வரை மூச்சு விடாமல் இழுக்கிறது. வாங்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: சில மாடல்களில் டர்பைன் கூடும், எஞ்சின் புகையை அதற்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டு குழாயும் ஒரே வார்ப்பாக இருக்கும். அதை வேறு எஞ்சினில் பொருத்த முடியாது.

மேனிஃபோல்டுக்குத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பாய்லர் வேலை செய்பவர்களிடம் போனேன். நீராவிக் குழாய்க்குப் பயன்படும் கனமான இரும்பு பெண்டுகளை வெட்டிப் பற்றவைத்து, 12 மில்லிமீட்டர் தகட்டில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் முகப்பு) எடுத்தோம். பற்றவைப்பில் தகடு கோணும். பிறகு லேத் பட்டறையில் முகத்தைச் சமன் செய்யாவிட்டால் கேஸ்கெட் நிற்காது. கோவை ஃபவுண்டரிகளில் எஸ்.ஜி. இரும்பில் (எளிதில் விரிசல் விடாத வார்ப்பிரும்பு) வார்த்தால் நீண்ட நாள் உழைக்கும். ஒரே ஒரு காருக்காகப் பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) செய்யும் செலவு கட்டுப்படியாகாது.

எண்ணெய் திரும்பும் குழாயில்தான் என் முதல் முயற்சி கெட்டது. பற்றவைத்தவர் அதை ஆயில் சம்பின் (எஞ்சின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்குக் கீழே விட்டுவிட்டார். நானும் கவனிக்கவில்லை. டர்போவிலிருந்து எண்ணெய் இறங்குவது புவியீர்ப்பால் மட்டுமே. வழி அடைபட்டால் சீலைத் தாண்டி வெளியேறிப் புகையாகும். குழாய் தடிமனாக, தொய்வில்லாமல், மட்டத்துக்கு மேலே முடிய வேண்டும். ரிக் வண்டிகளில் தலை நரைத்த ஒரு மெக்கானிக் அண்ணன்தான் இதைக் கண்டுபிடித்தார். "வேகமாக ஓட்டி வந்ததும் சாவியைத் திருகாதே கண்ணு, ஒரு நிமிடம் ஐடிலில் விடு" என்று அவர் சொன்னதை இன்றும் மீறுவதில்லை.

பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. மூன்று முயற்சியிலும் டர்போவுக்குக் கொடுத்தது மொத்தச் செலவில் கால் பங்கைத் தாண்டவில்லை. மீதியெல்லாம் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுக்குள் வைக்கத்தான். எஸ்டீமின் கணினி, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் எதையும் பார்க்காது. காற்று கூடியதை அறியாமல் பழைய அளவிலேயே பெட்ரோல் தெளிக்கும். கலவை மெலியும், பிஸ்டன் உருகும். இதற்கு மலிவான குறுக்குவழி, பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றும் ரெகுலேட்டர். மச்சான் அதைத்தான் போட்டான். கணக்கைப் பாருங்கள்: பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 30 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டுமென்றால் அழுத்தத்தை ஏறத்தாழ 1.7 மடங்காக்க வேண்டும். 3 பார் 5 பாராகும். பழைய பம்ப் அந்த அழுத்தத்தில் போதிய அளவு தள்ளாது. ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளவும் ரெகுலேட்டருக்குத் தெரியாது.

நான் பெரிய இன்ஜெக்டர்களோடு ஸ்பீடுயினோ என்ற திறந்தமூலக் கணினியை வைத்தேன். வயரிங்குக்கே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் என் டர்போவை விட விலை கூடியது. அதை வாங்காமல் மிச்சம் பிடிக்க நினைத்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. 35 டிகிரிக் காற்றை 0.4 பாருக்கு அழுத்தினால் அது 80 டிகிரியைத் தாண்டும், 0.8 பாருக்குப் போனால் 120ஐ எட்டும். கரூரிலோ ஈரோட்டிலோ சித்திரை வெயிலில் அந்தக் காற்று நேராக எஞ்சினுக்குள் போனால் 95 ஆக்டேன் பெட்ரோலும் நாக்கிங்கைத் தடுக்காது. இப்போது பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால் நாக்கிங்கைக் கொஞ்சம் அடக்கும், உண்மைதான். ஆனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், பெட்ரோலையும் கூடுதலாகக் கேட்கும். குழாய்களை முதலில் மாற்றுங்கள்.

இனி தினசரிக் காருக்கான பதில். ஹெட்டை இறக்கி வால்வு உட்கார வைத்து, ரிங் மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, கிளட்சைப் புதுப்பியுங்கள். களைத்துப்போன எஸ்டீம் தன் 85 குதிரைகளையும் திரும்பப் பெற்றாலே மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வித்தியாசம் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் மெல்லிய காற்றால் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடுவது மட்டும் மாறாது. அந்த இழப்பை ஈடுகட்ட டர்போ நல்ல வழி. அதற்கு டர்போவோடு பிறந்த காரை வாங்குவதே நேர்மையான கணக்கு. 2010இல் வந்த ஃபியட் லினியா டி-ஜெட் 1.4 லிட்டரில் 114 குதிரைத் திறன் தரும். ஃபியட் இப்போது இங்கே கார் விற்பதில்லை, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் ஆர்.சி.யில் உள்ளபடியே ஓடும் வண்டி.

மச்சான் தன் எஸ்டீமில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கிவிட்டு, ஒரு நல்ல லினியாவைத் தேடிக்கொண்டிருக்கிறான். அவனுடைய இன்டர்கூலரை நான் வாங்கிக்கொண்டேன். என்னுடையதை விட இரண்டு விரல் அகலம் கூடுதல்.