கொடைக்கானலில் 'வியூ ரூம்' எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஒரு ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு கொடைக்கானல் லாட்ஜில் எனக்குக் காட்டிய 'வியூ', பக்கத்துக் கட்டடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தால் அதற்குப் பின்னால் கையகலத்துக்கு மலை.

ஆன்லைன் படத்தில் அந்தக் கட்டடமே இல்லை. ரிசப்ஷனில் கேட்டேன். "போட்டோ எடுக்கும்போது அது கட்டலை சார்" என்றார் அந்தத் தம்பி, சிரிக்காமல். அப்புறம் எதற்குக் கூடுதல் காசு? "மொட்டைமாடியில நின்னா ஃபுல் வியூ சார். சேர் போட்டுத் தர்றேன்." மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்றால், அவர் வத்தலக்குண்டு போயிருக்கிறாராம். சாயங்காலம் கேட்டால், இப்போதுதான் கிளம்பினாராம். மறுநாளும் மனிதர் மலையேறி வந்தபாடில்லை.

நான் இருக்கும் சுவிட்சர்லாந்தில், மலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே உச்சியில் வெயிலா மேகமா என்று கேமராவில் நேரலையாகப் பார்த்துவிடலாம். டிக்கெட் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அது வேறு கதை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்போம்.

இ-பாஸ், மலைப்பாதை தொடங்கும் காட்ரோடு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் சுமுகம், எழுத ஒன்றுமில்லை. (2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மறந்துவிடாதீர்கள்.)

ஒரு தொட்டிக்கா இவ்வளவு கோபம் என்று என் மனைவியும் கேட்டாள். எங்களுக்குப் பெரியகுளம். கீழே இருந்து அந்த மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். மேலே இருந்து ஊரைப் பார்க்கத்தான் ரூமே போட்டேன். ஏரியைச் சுற்றி எவ்வளவு நல்ல ஹோட்டல் இருந்தாலும் அதற்கு உதவாது, ஏரி குழிவில் இருக்கிறது. கோக்கர்ஸ் வாக் போகும் தெற்கு விளிம்புதான் சரியான இடம். 1872-இல் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து வைகை அணையும் பெரியகுளமும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் மதுரை வரைக்கும். அந்த விளிம்பில்தான் இப்போது ஒருவர் காட்சியை இன்னொருவர் மறைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டீ கொண்டுவந்த பெரியவர் ஒருவர்தான் அந்த லாட்ஜில் உருப்படியான தகவல் சொன்னார். "ஒம்பது மணிக்குள்ள பாத்துருங்க தம்பி, பெறகு மேகந்தான்." காரணம் எளிது. வெயில் ஏற ஏற அடிவாரத்துக் காற்று சூடாகிச் சரிவில் மேலே ஏறும், ஏறும்போதே குளிர்ந்து மேகமாகிவிடும். இது தெரிந்தும் டூர் வேன்கள் பதினோரு மணிக்கு மேல்தான் எல்லோரையும் தூண் பாறையில் கொண்டுபோய் இறக்குகின்றன. நானூறு அடி உயரப் பாறை, எதிரே வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் செல்ஃபி எடுக்க அவ்வளவு கூட்டம்! எனக்கோ ஒரு மிளகாய் பஜ்ஜிதான் மிச்சம். அதைக் குறை சொல்ல மாட்டேன், சூரிச்சில் அந்த பஜ்ஜி கிடைக்காது.

பெரியவர் பேச்சைக் கேட்டு மறுநாள் விடிந்ததும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி 1936-இல் கட்டிய கோயில். கூட்டமே இல்லை. வடக்கே பழனி மலை துல்லியமாகத் தெரிந்தது. தெற்கே வைகை அணை தண்ணீர் வெயிலில் மின்னியது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்கள் சிக்னல் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ரூமைக் காலி செய்யும்போது பில்லில் அந்த ஆயிரம் அப்படியே இருந்தது. சத்தம் போட்ட பிறகு ஐந்நூறு கழித்தார்கள். ரூம் போடப்போகிறவர்கள் முதலில் போன் செய்து, ரூம் நம்பர் கேட்டு, அந்த ஜன்னலை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் சாதா ரூமே போதும், மிச்சக் காசுக்கு விடியற்காலையில் டாக்சி பிடித்துக்கொள்ளலாம்.