கிளம்பும் முன் விற்பதா, போன பிறகு விற்பதா? பழையபேட்டை வீட்டுக் கணக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அப்பா 1994-ல் கட்டிய வீட்டை 2025 ஆகஸ்டில் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, அக்டோபர் முதல் வாரத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. மொட்டை மாடியில் நின்றால் சையத் பாஷா மலை முழுதாகத் தெரிகிற வீடு அது. விற்றதற்காக இன்னும் முகம் கொடுத்துப் பேசாத உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அடுத்த தெரு அத்தை நேராகவே கேட்டுவிட்டார்: “வித்துட்டுப் போயிட்டா, லீவுக்கு வந்து எங்கடா எறங்குவே?”

பூட்டிவிட்டுப் போவது, வாடகைக்கு விடுவது, இரண்டு வருடம் பார்த்துவிட்டு அங்கிருந்தே விற்பது, கிளம்பும் முன்பே விற்பது என்று நான்கு வழி இருந்தது. நான் கடைசி வழியில் போனவன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூட்டிப் போடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அம்மா இறந்த பிறகு வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. நாங்கள் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஓசூரில்தான் இருந்தோம். திறந்தபோது பூஜை அறை நிலையில் கரையான் ஏறியிருந்தது, போர் மோட்டார் சுற்றவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கே இந்தக் கதி.

வாடகை விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது. விசாரித்த வரையில் எங்கள் தெருவில் அந்த அளவு வீட்டுக்கு ஒன்பதாயிரம் கிடைக்கும் என்றார்கள். அதில் வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வீட்டு வரி எல்லாம் போனால் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டால், வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குடியிருப்பவர் அதில் 30 சதவீதமும், அந்த வரியின் மேல் போடுகிற செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். பழையபேட்டையில் ஒரு குடித்தனக்காரரை உட்கார வைத்து இதை விளக்குவதை நினைத்துப் பாருங்கள். ஓசூரில் கம்பெனி ஆட்கள் குடிவருகிற அடுக்குமாடி வீடு என்றால் கணக்கு வேறாக இருக்கலாம். அதற்கு எதிராக வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

ஆக, உண்மையான போட்டி மற்ற இரண்டு வழிகளுக்கும் இடையில்தான்: இப்போதே விற்பதா, போய் நிலைத்த பிறகு விற்பதா. பிறகு விற்கச் சொன்னவர்களிடமும் நியாயம் இருந்தது. ஓசூரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்த நாளிலிருந்து இங்கே புரோக்கர்கள் பேசுகிற தொனியே மாறிவிட்டது. “ரெண்டு வருஷம் பொறுங்க சார், சும்மா பத்து லட்சம் ஏறும்” என்றார் ஒருவர். ஏறலாம். அதோடு, அந்த ஊர் குளிர் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தால் இறங்க ஒரு வீடு இருக்கும். இந்த இரண்டாவது காரணத்துக்காக என் மனைவி ஒரு மாதம் பிடிவாதமாக இருந்தாள்.

எங்களைத் திருப்பியது என் சித்தப்பா மகனின் அனுபவம். அவன் ஆஸ்திரேலியா போய் மூன்று வருடம் கழித்து, 2024 கடைசியில், தருமபுரி குமாரசாமிப்பேட்டை வீட்டை விற்றான். விலை 40 லட்சம். விற்பவர் உள்நாட்டில் இருப்பவராக இருந்தால், 50 லட்சத்துக்குக் கீழே வாங்குபவர் எந்த வரியும் பிடிக்க வேண்டாம். அதற்கு மேல் போனாலும் 1 சதவீதம்தான். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் அந்த வரம்பே கிடையாது. 12.5 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 13 சதவீதம். லாபத்தைக் கணக்குப் போட்டு, குறைவாகப் பிடித்தால் போதும் என்று வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். வாங்காவிட்டால் முழு விலையின் மேலேயே பிடிப்பதுதான் நடைமுறை. அவன் வாங்கவில்லை. 5 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருடம் கணக்குத் தாக்கல் செய்துதான் மிச்சத்தைத் திரும்பப் பெற்றான்.

பணம் ஒரு வருடம் முடங்கியதுகூடப் பரவாயில்லை. வாங்க வந்தவர் ஓடியதுதான் பிரச்சினை. வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. தவறினால் துறை அவரைத்தான் கேட்கும். அப்போது இதற்கென்றே டான் என்கிற, வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண் ஒன்றும் அவர் எடுக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் பழைய வீடு வாங்க வருகிறவர்கள் யார்? பேங்க் லோன் போடுகிற ஆசிரியர், மாங்காய் மண்டி வைத்திருப்பவர், ஓசூரில் வேலை பார்த்துக் காசு சேர்த்தவர். பத்திரச் செலவே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் அவர்கள் தலையில் விழுகிறது. அதற்கு மேல் “ஆடிட்டரைப் பாருங்கள், வரியைப் பிடித்துக் கட்டுங்கள்” என்றால் எதற்கு வம்பு என்று பக்கத்துத் தெரு வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவனிடம் அட்வான்ஸ் கொடுக்க வந்த முதல் ஆள் அப்படித்தான் போனார். இரண்டாவதாக வந்தவர் இதையே காரணம் காட்டி விலையைக் குறைத்தார்.

கையெழுத்து இன்னொரு தலைவலி. நேரில் வர முடியாவிட்டால் பவர் பத்திரம் எழுதித் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னதிலிருந்து பவர் என்றாலே வாங்குபவர் முகம் சுருங்குகிறது. முறையாகக் கிரயம் செய்து கொடுக்க பவர் போதும்தான், ஆனால் அதை யார் விளக்கிக்கொண்டிருப்பது?

சரி, என் கணக்குக்கு வருகிறேன். வீடு 48 லட்சத்துக்குப் போனது. அப்பா 2001-க்கு முன்பே கட்டியதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது 7 லட்சம் என்று வந்தது. நேராகக் கழித்தால் லாபம் 41 லட்சம், அதற்கு 12.5 சதவீதம் வரி 5,12,500. பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்தால் அந்த 7 லட்சம் 26.32 லட்சமாகிறது. லாபம் 21.68 லட்சம், அதற்கு 20 சதவீதம் 4,33,600. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு இந்த இரண்டில் குறைந்ததைக் கட்டலாம், ஆனால் அந்தச் சலுகை உள்நாட்டுவாசிக்கு மட்டும். செஸ் சேர்க்காமலே கிட்டத்தட்ட 79 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனப் பத்திரங்களில் போட்டு வரியைத் தவிர்க்கிற வழியும் இருக்கிறது. ஐந்து வருடம் பணத்தைக் கட்டிப்போட மனமில்லாமல் வரியைக் கட்டிவிட்டேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நானே விழுந்திருப்பேன். ஊரில் இருக்கும்போது விற்றால் உள்நாட்டுவாசி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் அது செப்டம்பர் 29-ல் நிறைகிறது. ஜூனில் விற்று ஆகஸ்டில் விமானம் ஏறினால் அந்த வருடம் முழுக்க நீங்கள் வெளிநாட்டுவாசிதான், ஜூனில் செய்த கிரயமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆடிட்டர் இதைச் சொன்னபோது எங்களுக்கு ஆகஸ்ட் 20-க்கு டிக்கெட் போடப் பேசி வைத்திருந்தது. வேலையில் சேரும் தேதியைக் கெஞ்சித் தள்ளிப் போட்டோம். இதற்கு விலை கொடுத்தது மகள்தான். நாங்கள் வந்த மாநிலத்தில் பள்ளி செப்டம்பர் 15-ல் திறந்துவிட்டது. மொழியும் தெரியாமல், மூன்று வாரம் பிந்திப் போய் உட்கார்ந்தாள். முதல் மாதம் தினமும் காலையில் அழுகை. 79 ஆயிரத்துக்கு இது தேவையா என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

பணத்தைக் கொண்டுவருவதிலும் அவசரப்படாதீர்கள். உள்நாட்டுவாசியாக இருக்கும்போதே அனுப்பினால், 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு பேங்க் 20 சதவீதம் வசூலித்து வைத்துக்கொள்ளும், பிறகுதான் அதைத் திரும்பக் கேட்க முடியும். நான் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு, வந்த பிறகு பேங்க் கணக்கை வெளிநாட்டுவாசிகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றினேன். அதிலிருந்து ஆடிட்டர் சான்றோடு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை அனுப்பலாம். நம் பழையபேட்டை வீட்டுக்கு அந்த வரம்பெல்லாம் ரொம்ப அதிகம்.

கிளம்பும் முன் விற்க நினைப்பவர்கள் ஒரு வருடம் முன்பே காகித வேலையைத் தொடங்குவது நல்லது. பட்டா அப்பா பேரிலேயே இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாற்றி, வில்லங்கம் எடுத்து, மூலப்பத்திரத்தைத் தேடிப்பிடித்து பேங்க் வக்கீலிடம் கொடுப்பதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. நான் ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் இன்னும் எவ்வளவு இழுக்குமோ. கடைசியில் தேதி நெருங்குகிறது என்று தெரிந்த பார்ட்டி இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டார், குறைத்துக்கொண்டேன். அவசரமில்லாமல் இருந்து விற்றிருந்தால் அந்த இரண்டு லட்சம் நின்றிருக்கும்.

பிள்ளைகளுக்கு வீடு போனது பெரிதாகத் தெரியவில்லை, ஊஞ்சல் போய்விடுமோ என்றுதான் பயந்தார்கள். அதையும் அம்மாவின் ஆட்டுக்கல்லையும் டெம்போவில் ஏற்றி அத்தை வீட்டில் இறக்கினோம். அடுத்த லீவுக்கு நாங்களும் அங்கேதான் இறங்குவோம். அது தார்சு வீடு, ஊஞ்சல் மாட்டக் கொக்கி கிடையாது. பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது, சங்கிலி எங்கே என்று தெரியவில்லை என்று போன வாரமும் போனில் திட்டினார்.